எறியாத பந்து

1965 அக்டோபர் 6, புதன்கிழமை. மின்னசோட்டா மாநிலத்து ப்ளூமிங்டனில் அப்போதிருந்த மெட்ரோபாலிடன் ஸ்டேடியத்தில் பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம். உள்ளூர் அணி மின்னசோட்டா ட்வின்ஸ். எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். டாட்ஜர்ஸுக்காகப் பந்தெறிய மேட்டில் ஏறியவர் டான் டிரைஸ்டேல். லேசுப்பட்ட ஆள் அல்ல. அந்த சீசனில் மட்டும் 23 ஆட்டங்களை வென்று கொடுத்தவர். ஆனால் அன்று பந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஏழு ரன்கள் போய்விட்டன. அவரை மாற்றுவதற்காக மேனேஜர் வால்ட்டர் ஆல்ஸ்டன் மேட்டை நோக்கி நடந்து வந்தபோது, நானும் யூதனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதானே நினைக்கிறீர்கள் என்று டிரைஸ்டேல் கேட்டாராம். டாட்ஜர்ஸ் 8-2 என்று தோற்றது.

அந்தக் கிண்டல் புரிய வேண்டுமானால் அன்று மைதானத்தில் இல்லாத ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டும். சாண்டி கோஃபாக்ஸ். இடது கைக்காரர், 29 வயது. அந்த ஆண்டு 26 வெற்றி, 382 ஸ்ட்ரைக் அவுட். எட்டு ஆண்டு கழித்து நோலன் ரயன் 383 எடுத்து அந்தச் சாதனையை ஒரே ஒரு எண்ணிக்கையில் தாண்டினார். ஒரு மாதத்துக்கு முன்னால்தான், செப்டம்பர் 9 அன்று, சிகாகோ கப்ஸ் அணியின் 27 பேரில் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் அனுப்பியிருந்தார் கோஃபாக்ஸ். பேஸ்பாலில் அதற்கு ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று பெயர். அப்படிப்பட்டவர் இருக்க, வேர்ல்ட் சீரிஸின் முதல் பந்தை வேறொருவர் எறிவதா? அன்று யோம் கிப்பூர். யூதர்களின் பாவநிவிர்த்தி நாள். கோஃபாக்ஸ் ஆட வரவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் சட்டென்று பிடிபடாது. ஒரு பவுலர் வராவிட்டால் இன்னொருவர் கூடுதலாக இரண்டு ஓவர் போடுவார், அவ்வளவுதானே என்று தோன்றும். பேஸ்பால் பிட்சரின் நிலை வேறு. ஓடிவந்து வீசுவது கிடையாது. அறுபதடி ஆறங்குல தூரத்தில் ஒரு சின்ன மேட்டில் நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். முழங்கையை மடக்கி உதறலாம். அந்த உதறலில்தான் வேகமே இருக்கிறது, முழங்கையின் நாசமும் இருக்கிறது. அவர் மேட்டில் நிற்கும்வரை அணிக்காக எறியப்படும் ஒவ்வொரு பந்தும் அவருடையதுதான். நூறு, நூற்றிருபது பந்துகள் எறிந்துவிட்டு மூன்று நாளாவது கையை ஆறப்போட வேண்டும். ஏழு ஆட்டத் தொடரில் முதல் ஆட்டத்தை எறிபவரே நான்காவதையும், தேவைப்பட்டால் ஏழாவதையும் எறிவார். ஆகவே முதல் நாள் யார் என்பது ஒரு நாளைய விஷயம் அல்ல. தொடரின் கணக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கதையை அமெரிக்க யூதர்கள் அறுபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்கள். கடவுளுக்காக வேர்ல்ட் சீரிஸையே விட்டுக்கொடுத்த மனிதன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கோஃபாக்ஸ் அப்படியொன்றும் ஆசாரம் பார்ப்பவர் அல்ல. சபத் நாளான சனிக்கிழமைகளில் பந்தெறிந்தவர். பேஸ்பால் அட்டவணையில் சனிக்கிழமையை ஒதுக்கிவைத்து வாழவும் முடியாது. புரூக்ளினில் வளர்ந்த, மதத்தை வீட்டு வாசனைபோலச் சுமந்த, ஆனால் அதன் விதிகளுக்குள் அடங்காத ஒரு தலைமுறையின் பிள்ளை அவர். நம்பிக்கையைப் பற்றி அவர் பேசியதே மிகக் குறைவு. அடுத்த ஆண்டு எட் லின்னுடன் சேர்ந்து எழுதிய தன்வரலாற்றில் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது, தான் எந்த முடிவும் எடுக்கவில்லை, எறிவதற்கான சாத்தியமே இருக்கவில்லை என்கிற பொருளில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். வேதனை, போராட்டம், தொழுகை எதுவும் அதில் இல்லை.

நம்புகிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவர், முடிவே எடுக்காமல், ஒன்றைச் செய்யாமல் இருந்தார். இதைப் பக்தி என்பதா?

இப்படி ஒரு கேள்வி வரும் என்று யூத ஞானிகள் நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்பார்த்திருந்ததுபோல் இருக்கிறது. யூத வேதமான தோராவின் கட்டளைகள் மொத்தம் 613 என்பது தால்முட் மரபு. அதில் செய்ய வேண்டியவை 248. செய்யக்கூடாதவை 365, ஆண்டின் நாள்களுக்கு ஒன்று வீதம். ஆக, யூத அறவாழ்வில் பெரும்பங்கு செய்யாமல் இருப்பதுதான். இது தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்காது. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் புரட்டினாலே கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, இன்னா செய்யாமை, புறங்கூறாமை என்று வரிசை நீளும். எதிர்மறையை ஒரு பெயர்ச்சொல்லாக்கி, அதையும் ஒரு செயல்போல எழுந்து நிற்கவைக்கிற மொழி தமிழ்.

ஆனால் செய்யாமல் இருந்ததற்கெல்லாம் புண்ணியம் உண்டா? வீட்டில் படுத்துத் தூங்குகிறவன்கூடத்தான் அந்நேரம் கொலை செய்யாமல் இருக்கிறான். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு இடத்தில், பாவம் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கும் நற்செயல் செய்தவனுக்குரிய பலன் உண்டு என்கிறது. அதற்கு விரிவுரை செய்த தால்முட் அறிஞர்கள் விடவில்லை. ‘கித்துஷீன்’ பகுதியில் இதற்கு ஒரு நிபந்தனை போடுகிறார்கள்: பாவம் செய்யும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்து, அதிலிருந்து தப்பியிருந்தால்தான் அந்தப் பலன். சபலம் வேண்டும். சபலம் வராத இடத்தில் விலகல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த நிபந்தனையில்தான் கோஃபாக்ஸ் இடறுகிறார். வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம் என்பதைவிடப் பெரிய சபலம் ஒரு பிட்சருக்கு இருக்க முடியாது. ஆனால் அவரோ சாத்தியமே இருக்கவில்லை என்கிறார். கதவு திறந்து கிடந்தும் அதைக் கதவென்றே பார்க்காதவருக்கு, உள்ளே போகாமல் இருந்ததற்குப் பாராட்டு உண்டா?

கோர்தபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் இறந்த மைமோனிடிஸ், ‘எட்டு அத்தியாயங்கள்’ என்ற நூலில் இதையொட்டிய கேள்வியை எடுத்துக்கொள்கிறார். ஆசையே இல்லாமல் நல்லவனாக இருப்பவன் மேலா, ஆசையை அடக்கி நல்லவனாக இருப்பவன் மேலா? கிரேக்கத் தத்துவவாதிகள் முன்னவனே மேல் என்றார்கள்; யூத ஞானிகளின் சொற்கள் பின்னவனையே தூக்கிப் பிடித்தன. மைமோனிடிஸ் வழக்கை இரண்டாகப் பிரித்துத் தீர்த்தார். கொலை, திருட்டு, ஏமாற்று போன்றவற்றில் ஆசையே வராமல் இருப்பதுதான் உயர்வு. கொலை செய்ய ஆசையாகத்தான் இருக்கிறது, அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்கிற பக்கத்து வீட்டுக்காரரை யாரும் மெச்ச மாட்டார்கள். ஆனால் இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக்கூடாது, கம்பளியும் லினனும் கலந்த துணி உடுத்தக்கூடாது என்பவை போன்ற, கட்டளை இல்லாவிட்டால் தவறே அல்லாத விஷயங்களில், எனக்கு ஆசைதான், ஆனால் விதித்திருக்கிறதே, என்ன செய்ய என்று இருப்பதே சரியான மனநிலை.

யோம் கிப்பூர் இந்த இரண்டாம் வகை. செவ்வாய்க்கிழமை எறிந்தால் குற்றமில்லாத அதே பந்துதான் புதன்கிழமை எறியக்கூடாததாகிறது. அப்படியானால் கோஃபாக்ஸ் எறிய ஆசைப்பட்டிருக்க வேண்டும், ஆசைப்பட்டது நல்லதும்கூட. ஆசைப்படவில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சாத்தியமில்லை என்று மட்டும்தான் சொன்னார். இரண்டும் ஒன்றல்ல.

இந்த இடைவெளிக்கு ஒரு விளக்கம் தந்தவர் ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். நாம் எதைப் பொருட்படுத்துகிறோம் என்பது ஏன் முக்கியம் என்று 1982இல் அவர் எழுதிய கட்டுரையின் மையம் இதுதான். ஒருவரால் ஒன்றைச் செய்ய முடியவில்லை. கையில் பலமுண்டு, வழியும் உண்டு, ஆசையும் உண்டு. ஆனாலும் மனம் அதற்குத் துணிவதே இல்லை. வெளியே யாரும் கட்டிப்போடவில்லை. அவர் எதை உயிராக மதிக்கிறாரோ அதுவே கட்டிப்போடுகிறது. இப்படிக் கட்டுண்டிருப்பது சுதந்திரம் இழந்த நிலை அல்ல, ஒருவர் முழுக்கத் தானாகவே இருக்கும் நிலை என்பது ஃப்ராங்க்ஃபர்ட்டின் வாதம். தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து முடிவெடுத்தவரைவிட, தராசையே எடுக்காதவர் அந்த விஷயத்துக்கு நெருக்கமானவர். பெற்ற தாயை விற்கிறாயா என்று கேட்டால் விலை என்ன என்று யோசித்துவிட்டு மறுப்பவனைப் பற்றி நமக்கு என்ன தோன்றும்? கோஃபாக்ஸ் யோசிக்கவில்லை என்பதுதான் அவருக்குச் சாதகமான சாட்சி.

யோசித்தவரும் ஒருவர் உண்டு. 1934இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஹாங்க் க்ரீன்பெர்க். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த அணி லீக் பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா ஆட்ட நாளில் வந்தது. ஆடலாமா என்று ஊரே விவாதித்தது. பத்திரிகைகள் யூத மதகுருக்களிடம் கருத்துக் கேட்டன. க்ரீன்பெர்க் கடைசி நேரத்தில் ஆட வந்தார், இரண்டு ஹோம் ரன் அடித்தார், டெட்ராய்ட் 2-1 என்று வென்றது. ஒன்பது நாள் கழித்து யோம் கிப்பூர். இந்த முறை ஆடவில்லை, ஷாரே ஸெடெக் ஜெப ஆலயத்துக்குப் போனார். தொழுகைக்கு நடுவே அவர் உள்ளே நுழைந்ததும் சபையோர் கை தட்டினார்களாம். டெட்ராய்ட் அன்று தோற்றது. ஒன்று கடவுளுக்கு, ஒன்று அணிக்கு என்று பங்கு வைத்த அந்த ஏற்பாட்டில் ஒரு மனிதத் தடுமாற்றம் இருக்கிறது. கோஃபாக்ஸ் கதையைவிட இதுதான் நம்மில் பெரும்பாலோர் கதைக்குக் கிட்டத்தில் வரும்.

கிறிஸ்தவர் பக்கத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1905 வேர்ல்ட் சீரிஸில் மூன்று ஆட்டங்களை ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்த கிறிஸ்டி மாத்யூசன் ஞாயிற்றுக்கிழமைகளில் எறிய மாட்டேன் என்று இருந்தவர். டாட்ஜர்ஸை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சனை அணிக்குக் கொண்டுவந்து நிறவெறித் தடையை உடைத்தவர், மெதடிஸ்ட். ஞாயிறு ஆட்டங்களுக்கு மைதானம் பக்கமே போக மாட்டார். அன்றைய டிக்கெட் வசூல் மட்டும் வழக்கம்போல கம்பெனிக் கணக்கில் ஏறும். இதை அந்தக் காலத்துப் பத்திரிகையாளர்கள் சும்மா விடவில்லை.

கோஃபாக்ஸின் மற்ற வாழ்க்கையைப் பார்த்தால், செய்யாமல் விட்டவற்றால் உருவான மனிதர் என்றே அவரைச் சொல்லத் தோன்றும்.

1935 டிசம்பர் 30இல் புரூக்ளினில் பிறந்தபோது பெயர் சான்ஃபர்ட் பிரான். மூன்று வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். தாய் பின்னர் மணந்த இர்விங் கோஃபாக்ஸின் பெயரே நிலைத்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனது கூடைப்பந்துக்காக. 1954 டிசம்பரில், அப்போது புரூக்ளினில் இருந்த டாட்ஜர்ஸ் 14,000 டாலர் முன்பணம் கொடுத்து எடுத்தது. அன்றைய விதிப்படி 4,000 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிய பையனைச் சிறிய லீகுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப முடியாது. இரண்டு ஆண்டு பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். அவருக்கு இடம் பண்ணுவதற்காக 1955இல் கீழே அனுப்பப்பட்ட பிட்சர் டாமி லசோர்டா. பின்னாளில் அதே டாட்ஜர்ஸுக்கு இருபது ஆண்டு மேனேஜராக இருந்தவர். பையனுக்கு இடம் கிடைத்தது, எறிய வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை. கிடைத்தபோதெல்லாம் பந்து கண்ட இடத்துக்குப் போனது. முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. 1960 சீசன் முடிந்ததும் ஷூவையும் கையுறையையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு விளையாட்டை விடுவதென்று கிளம்பிவிட்டார். உடைமாற்று அறைப் பொறுப்பாளர் நோப் கவானோ அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்.

1961 வசந்தப் பயிற்சி. ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சி ஆட்டம், எதிரே அதே மின்னசோட்டா ட்வின்ஸ். கோஃபாக்ஸ் வழக்கம்போல மொத்த பலத்தையும் போட்டு எறிந்து, தொடர்ந்து மூன்று பேரை பேஸுக்கு நடக்கவிட்டார். கேட்சர் நார்ம் ஷெர்ரி, அவரும் யூதரே, மேட்டுக்கு வந்து ஒரு யோசனை சொன்னார்: இவ்வளவு பலமாக எறியாதே. கொஞ்சம் விட்டு எறி, அவர்கள் அடிக்கட்டும். அன்று கோஃபாக்ஸ் ஏழு இன்னிங்ஸ் எறிந்தார், ஒரு ஹிட்கூட விழவில்லை. பலத்தைக் குறைத்ததும் வேகம் குறையவில்லை, பந்து சொன்ன இடத்துக்குப் போகத் தொடங்கியது. அந்த ஆண்டு 18 வெற்றி, 269 ஸ்ட்ரைக் அவுட். பிறகு வந்த ஐந்து ஆண்டுகளை பேஸ்பால் இன்றும் மறக்கவில்லை: எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நான்கு ‘நோ-ஹிட்டர்’கள், சிறந்த பிட்சருக்கான மூன்று சை யங் விருதுகள். இரண்டு லீகுக்கும் சேர்த்து ஒரே விருது கொடுத்த காலம் அது. மூன்றுமே ஒருமனதாகக் கொடுக்கப்பட்டவை.

அந்த ஐந்து ஆண்டுகளின் விலையை இடது கை கொடுத்தது. 1962இல் உள்ளங்கை ரத்தக்குழாய் அடைப்பால் ஆள்காட்டி விரல் மரத்து வெளுத்தது. 1964 ஆகஸ்டில் பேஸுக்குத் திரும்பச் சறுக்கி விழுந்ததில் முழங்கை அடிபட்டது. மூட்டுவாதம் என்றார் டாக்டர் ராபர்ட் கெர்லன். 1965 வசந்தத்தில் ஒரு முழு ஆட்டம் எறிந்த மறுநாள் கை முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்துப்போயிருந்தது. அந்தக் கையோடுதான் அந்த ஆண்டு 335 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். முழங்கைக்குள் கார்டிசோன் ஊசி. கோடீன் மாத்திரை. குதிரைகளுக்கும் கொடுக்கப்படும் ப்யூடசோலிடின். ஆட்டத்துக்கு முன் தோளிலும் முதுகிலும் கேப்ஸோலின் என்ற களிம்பு. அது மிளகாயின் காரத்திலிருந்து செய்வது, நம்மூர்ப் பாட்டிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும் முழங்கையை ஐஸ் தொட்டிக்குள் ஊறப்போடுவார். கை நிமிராமல் வளைந்தே நின்றதால் தையற்காரர் கோட்டின் இடது கையைச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

யோம் கிப்பூரின் வேதக் கட்டளைக்கு இங்கே ஒரு விசித்திரமான பொருள் வந்து சேர்கிறது. லேவியராகமம் அந்த நாளில் ஆத்துமாவை என்ன செய்யச் சொல்கிறதோ, அதைத் தமிழ் விவிலியம் ‘தாழ்மைப்படுத்துதல்’ என்று பெயர்த்திருக்கிறது. எபிரேய வினைச்சொல்லுக்கு வருத்துதல், ஒடுக்குதல் என்றும் பொருள் உண்டு. உணவில்லை, தண்ணீரில்லை, குளியலில்லை, எண்ணெய் பூசுதல் இல்லை, தோல் செருப்பு இல்லை, தாம்பத்தியம் இல்லை. சூரிய அஸ்தமனத்திலிருந்து மறுநாள் இருட்டும்வரை உடலை வருத்தியிருக்க வேண்டும். நான்கு நாளுக்கொரு முறை தன் உடலைச் சித்திரவதை செய்துகொண்டிருந்த ஒருவருக்கு, மேட்டில் ஏறும் முறை தள்ளிப்போனது அந்த நாளில்தான். விரதநாள் அவருடைய கைக்கு விடுமுறையாக அமைந்தது.

சரி, அந்த நாளை அவர் எங்கே கழித்தார்? செயின்ட் பால் நகரின் ‘டெம்பிள் ஆஃப் ஆரன்’ ஜெப ஆலயத்தில் என்பது பரவலான நம்பிக்கை. அங்கே அவரைப் பார்த்ததாக அந்த ஆலயத்தின் மதகுரு பெர்னார்ட் ராஸ்காஸ் பின்னாளில் சொன்னார். தாங்களும் பார்த்ததாகச் சொன்னவர்கள் பலர். ஆனால் 2002இல் கோஃபாக்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேன் லீவி விசாரித்துப் பார்த்தபோது, அவர் ஓட்டல் அறையை விட்டே வெளியே வரவில்லை என்பதுதான் அவருக்கு நெருக்கமானவர்கள் பக்கத்துச் சாட்சி. கோஃபாக்ஸ் இதில் தலையிட்டு எதையும் தெளிவுபடுத்தவில்லை.

ஓட்டல் அறை என்பதே உண்மையாக இருந்தால், பக்தியின் வழக்கமான அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜெபமில்லை, சபை இல்லை, சாட்சி இல்லை. ஒரு வேலையை ஒருவர் செய்யவில்லை, அவ்வளவே. அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது சமூகம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. ஐரோப்பாவின் வதைமுகாம்கள் மூடப்பட்டு இருபதே ஆண்டுகள் ஆகியிருந்தன. யூதன் புத்தகப் பூச்சி, உடல் வலுவற்றவன் என்ற கேலி அமெரிக்காவிலும் புழங்கியது. அதே வாரத்தில் செயின்ட் பால் பத்திரிகை ஒன்றின் பத்தியாளர் யூதர்களின் மாட்ஸா உருண்டைகளை வைத்து கோஃபாக்ஸைச் சீண்டியிருந்தார். இந்தச் சூழலில் நாட்டின் ஆகச் சிறந்த கை தன் மக்களின் நாட்காட்டிப்படி ஒரு நாள் ஓய்ந்திருந்தது என்பது கடைக்காரருக்கும் கல்லூரி மாணவனுக்கும் முதுகெலும்பை நிமிர்த்திக் கொடுத்தது. க்ரீன்பெர்க் தடுமாறிய அதே 1934இல் மார்டெகாய் கப்லான் என்ற மதகுரு ‘யூத மதம் ஒரு நாகரிகம்’ என்ற நூலில் ஒரு வாதத்தை வைத்திருந்தார்: யூதத்தன்மை என்பது கொள்கைகளை நம்புவதில் தொடங்குவதல்ல, ஒரு மக்களைச் சேர்ந்திருப்பதில் தொடங்குவது. அற்புதங்களை நம்பாதவனும் உள்ளே இருக்கலாம். ஆசாரவாதிகள் சிலர் கப்லானின் ஜெபநூலை 1945இல் நியூயார்க்கில் பகிரங்கமாக எரித்தார்கள். இருபது ஆண்டு கழித்து, நம்பிக்கையைப் பற்றி வாய் திறக்காத பிட்சர் ஒருவரை ஆசாரக் குடும்பத்துப் பிள்ளைகளும் கொண்டாடினார்கள்.

பலன் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதை முதலில் ஏமாற்றத்தையே தரும். விரதம் முடிந்த மறுநாள், இரண்டாவது ஆட்டத்தில் எறிந்த கோஃபாக்ஸ் தோற்றார், 5-1. பிறகு ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வென்றார். அக்டோபர் 14, ஏழாவது ஆட்டம். ஓய்வு இரண்டே நாள். வளைபந்து கைக்கு வரவேயில்லை. கிட்டத்தட்ட வேகப்பந்தை மட்டுமே வைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸ், மூன்று ஹிட், பத்து ஸ்ட்ரைக் அவுட், 2-0. கடவுள் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டவர்கள் அடுத்த ஆண்டையும் பார்த்திருக்கலாம். 1966இல் யோம் கிப்பூர் செப்டம்பர் 24. கோஃபாக்ஸ் ஆடவில்லை. சிகாகோ கப்ஸின் இளம் இடது கைக்காரர் கென் ஹோல்ட்ஸ்மனும் யூதர், அவரும் ஆடவில்லை. மறுநாள் ரிக்லி ஃபீல்டில் இருவரும் எதிரெதிரே எறிந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை ஹோல்ட்ஸ்மன் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. கோஃபாக்ஸ் 2-1 என்று தோற்றார். இருவருமே விலகியிருந்தவர்கள்தான். யாருடையது ஏற்கப்பட்டது என்று சொல்லத் துணிகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த சீசனில் 27 வெற்றி. நவம்பர் 18 அன்று, தனக்கு இன்னும் நிறைய ஆண்டுகள் வாழ்க்கை இருக்கிறது, அதை உடல் முழுவதையும் பயன்படுத்தி வாழ விரும்புவதாகச் சொல்லி ஓய்வை அறிவித்தார். வயது 30. 1972இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானபோது 36. அவரைவிட இளம் வயதில் அதற்கு முன்போ பின்போ யாரும் தேர்வானதில்லை. அவருடைய டாக்டர் கெர்லனின் கூட்டாளி ஃப்ராங்க் ஜோப், 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கைத் தசைநார் மாற்று அறுவை செய்து இந்தத் தொழிலின் ஆயுளையே நீட்டித்தது பிந்தைய கதை.

உலகம் 1966 நவம்பரில் அறிந்ததை ஒரு பத்திரிகையாளர் 1965லேயே அறிந்திருந்தார். சான் டியேகோ யூனியன் பத்திரிகைக்காக டாட்ஜர்ஸைத் தொடர்ந்து எழுதிவந்த ஃபில் காலியர். 1965 சீசன் முடிவதற்கு முன்பே, அடுத்த ஆண்டுதான் தன் கடைசி ஆண்டு என்று கோஃபாக்ஸ் அவரிடம் சொல்லியிருந்தார். அதாவது அக்டோபர் 6 அன்று ஆட வராமல் இருந்தவருக்கு, தன் கையில் இன்னும் எத்தனை வேர்ல்ட் சீரிஸ் மிச்சம் என்பது ஏறக்குறைய தெரியும்: இது ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொன்று. அமெரிக்க விளையாட்டின் அந்த ஆண்டுப் பெருஞ்செய்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலியர் ஒரு முழு சீசனும் ஊர் ஊராக அணியோடு சுற்றினார், தினமும் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார், ஆட்ட விவரங்களை எழுதி அனுப்பினார். அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.